கழுத்தில் சாவியும் கையை விட்டுப்போன வளையலும்

போர்க்கால அணிகலன்களை ஆராயும் கலை விமர்சகர்கள் பெரும்பாலும் ‘அடையாளம்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றனர். பலஸ்தீன அணிகலன்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு அச்சொல் போதாது என்பது விளங்கும்.

இன்றைய பலஸ்தீனப் பதக்கங்களில் மூன்று வடிவங்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன: சாவி, தேசப்படம், ஹன்ளலா. 1948-இன் நக்பாவில் ஏழு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தனர். விரைவில் திரும்பிவிடலாம் என நம்பிக் கதவைப் பூட்டிச் சென்றோர் பலர். அவர்களோடு சென்ற இரும்புச் சாவியின் நினைவே முதல் வடிவம். இரண்டாவது, பிரிட்டிஷ் ஆட்சிக்கால எல்லைகளைக் கொண்ட தேசப்படம். மூன்றாவது, நாஜி அல்அலீ 1969-இல் படைத்த பத்து வயது அகதிச் சிறுவன். முகம் காட்டாது, கைகளைப் பின்னால் கட்டி நிற்பவன் அவன். 1987-இல் லண்டனில் அந்தக் கேலிச்சித்திரக்காரர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் சிறுவன் மறையவில்லை.

இவ்வடிவங்களின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. பறிக்கப்பட்ட ஒன்றை உடலின் மீதே பொறித்துக்கொள்ளும் செயல் அது. ஆயினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இரும்புச் சாவிக்குக் கனம் உண்டு. அது ஒரு குறிப்பிட்ட வீட்டின் ஒரு குறிப்பிட்ட கதவுக்கு உரியது. பதக்கச் சாவியோ எந்தப் பூட்டுக்கும் உரியதன்று. எவரும் வாங்கி அணியலாம் என்பதே அதன் வலிமை. அந்த வீட்டின் பெயரை அது மறந்துவிடுவது அதன் பலவீனம்.

பழைய மரபு வேறொன்றைச் சொல்கிறது. பலஸ்தீனக் கிராமங்களில் மணப்பெண்ணின் தலையணியில் வரிசையாக நாணயங்கள் தைக்கப்பட்டிருந்ததை ஷீலா வியர் 1989-இல் வெளியிட்ட ‘பலஸ்தீன உடை’ என்ற ஆங்கில நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது. மஹரிலிருந்து வந்த அந்நாணயங்கள் அவளுக்கே உரிய சொத்து. நெருக்கடி நேர்ந்தால் கழற்றி விற்கலாம். அழகும் சேமிப்பும் அங்கே ஒரே பொருளாக இருந்தன.

2023 அக்டோபரில் தொடங்கிய போரில் காஸாவின் பெண்கள் செய்ததும் இதுவே. மாவுக்காகவும் மருந்துக்காகவும் கூடாரத்துக்காகவும் மண வளையல்களை விற்றனர். காஸா நகரின் பழைய தங்கச் சந்தையான கைஸரிய்யா, பெரிய உமரீ பள்ளிவாசலை ஒட்டி அமைந்தது. அவ்வளையல்களில் எத்தனையோ அங்கே மகிழ்வோடு வாங்கப்பட்டவையாக இருக்கலாம். அப்பள்ளிவாசல் 2023 டிசம்பரில் குண்டுவீச்சால் பெரிதும் சிதைந்தது.

விற்கப்பட்ட வளையலைக் கண்காட்சிப் பேழைக்குள் வைக்க முடியாது. அது உருக்கப்பட்டு உருமாறியிருக்கும். அல்லது வேறொரு கையை அடைந்திருக்கும். சாவிப் பதக்கம் ‘நாங்கள் யார்’ என்பதைச் சொல்கிறது. வளையலோ, தான் மறைந்து ஒரு குடும்பத்தைச் சில நாள்கள் வாழவைத்தது. முன்னதை மட்டும் போற்றும் விமர்சனம் ‘தப்பிப் பிழைத்தல்’ என்ற சொல்லைக் கையாள உரிமையற்றது. வெறுமையான மணிக்கட்டையும் ஓர் அணிகலனின் வரலாறாகப் படிக்கக் கற்றுக்கொண்ட பின்னரே அச்சொல்லுக்கு நாம் பொருள் கூற இயலும்.