கெரால்ட்டுக்குக் கிடைத்த வீடு: 'பிளட் அண்ட் வைன்' விரிவாக்கம் பற்றி

ஏற்கெனவே வெளியான வீடியோ கேம் ஒன்றோடு பின்னர் சேர்த்து விற்கப்படும் கூடுதல் பகுதியை விரிவாக்கம் என்கிறோம். பெரும்பாலும் அதில் ஒரு புதிய ஊரும் சில ஆயுதங்களும் சில மணி நேரச் சண்டையும் இருக்கும், அவ்வளவுதான். பல ஆண்டுகள் ஓடிய ஒரு தொடரின் நாயகனை வழியனுப்பும் பொறுப்பை ஏற்ற விரிவாக்கங்கள் மிகச் சில. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 'தி விட்சர் 3' விளையாட்டுக்கு 2016 மே 31 அன்று வெளியிட்ட 'பிளட் அண்ட் வைன்' அவற்றில் முதன்மையானது. அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் முழு விளையாட்டுகளைப் பின்தள்ளிச் சிறந்த ரோல் பிளேயிங் விளையாட்டுக்கான விருதை இந்த இணைப்புப் பகுதி பெற்றது.

இதன் நாயகன் கெரால்ட், ஆந்திரேய் சாப்கோவ்ஸ்கி எழுதிய போலந்து நாவல்களிலிருந்து வந்தவன். ஊர் ஊராகப் போய், கூலி பேசி, பூதங்களையும் பேய்களையும் கொல்வது அவன் தொழில். திருப்பூர்க்காரர்களுக்கு இவனைப் புரிந்துகொள்ளத் தனி விளக்கம் வேண்டாம். இவன் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவன். பவர் டேபிள் டெய்லருக்கு டஜனுக்கு இவ்வளவு என்றால் இவனுக்குத் தலைக்கு இவ்வளவு. வேலை முடிந்த பிறகு பேசிய கூலியைக் குறைக்கப் பார்க்கும் ஆட்களும் இவன் கதையில் உண்டு. 2007, 2011, 2015 என மூன்று விளையாட்டுகளிலும் இவனுக்கென்று சொந்தமாக ஒரு வீடு கிடையாது. விடுதி, சத்திரம், காட்டில் மூட்டிய நெருப்பு, இவைதான். தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து அனுப்பர்பாளையத்தில் ஒற்றை அறை லைன் வீட்டில் மூன்று பேரோடு தங்கியிருக்கும் இளைஞனிடம் கெரால்ட்டின் பிரச்சினை என்ன என்று கேட்டால், சூனியக்காரி யெனஃபர் மீதுள்ள காதலை அவன் இரண்டாவதாகத்தான் சொல்வான்.

'பிளட் அண்ட் வைன்' இந்த இடத்தைச் சரியாகத் தொடுகிறது. தூசான் என்ற நாட்டின் ஆட்சியாளர் அன்னா ஹென்ரியெட்டா ஒரு கொலைகார மிருகத்தைப் பிடிக்க கெரால்ட்டை அழைக்கிறார். கூலியாகப் பேசப்படுவது கோர்வோ பியான்கோ என்ற திராட்சைத் தோட்டமும் அதிலுள்ள வீடும். வீடு பழுதடைந்து கிடக்கிறது. சம்பாதித்த காசைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கலாம். சுவரில் வாளை மாட்டலாம், படம் தொங்கவிடலாம், கட்டிலில் படுத்துத் தூங்கலாம். கதை நகர இவற்றில் பல தேவையே இல்லை. ஆனால் விளையாடியவர்கள் நினைவில் வைத்திருப்பது இவற்றைத்தான்.

ஒரு தொடரின் முடிவில் வாசகரோ ஆட்டக்காரரோ கேட்பது பெரும்பாலும் விளக்கம். கல்கி 1954இல் 'பொன்னியின் செல்வ'னை முடித்தபோது, இன்னார் பிறகு என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். நூலின் முடிவுரையில் அவர் அக்கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். 2012 மார்ச்சில் 'மாஸ் எஃபெக்ட் 3' வெளியானபோது ரசிகர்கள் இன்னும் கோபமாகக் கேட்டார்கள். மூன்று நிறத்தில், ஆனால் ஒரே சுவையில், நானூறுக்கும் மேற்பட்ட கப் கேக்குகளை பயோவேர் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். மூன்று முடிவுகளும் ஒன்றுபோலவே இருந்தன என்பது அதன் பொருள். ஜூன் மாதம் நிறுவனம் இலவசமாக ஒரு நீட்டித்த முடிவைத் தந்தது. அது பனியன் கம்பெனிச் செக்கிங் மேசையில் பிசிறு வெட்டுவது போன்ற வேலை. செய்துதான் ஆக வேண்டும், ஆனால் துணி அதே துணிதான். 2013 மார்ச்சில் வந்த 'சிட்டடெல்' விரிவாக்கம்தான் அந்த ரசிகர்களை உண்மையில் ஆற்றியது. அதில் முடிவைப் பற்றி ஒரு விளக்கமும் இல்லை. நாயகன் ஷெப்பர்டுக்கு ஒரு குடியிருப்பு கிடைக்கிறது, பழைய தோழர்களைக் கூப்பிட்டு ஒரு விருந்து வைக்கிறான். கதைக் கணக்கில் அந்த விருந்து இறுதிப் போருக்கு முன்னால் நடக்கிறது. போரில் என்ன நடக்கும் என்று தெரிந்த ஆட்டக்காரர் மட்டும் அந்தச் சிரிப்புக்கு நடுவே கனத்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

'பிளட் அண்ட் வைன்' குறையற்றதென்று சொல்ல முடியாது. தெட்லாஃப் என்ற இரத்தக்காட்டேரியை சியான்னா ஏமாற்றிப் பயன்படுத்தும் மையக்கதை நன்றாகத் தொடங்குகிறது. தலைநகர் மீது காட்டேரிகள் பாயும் இரவுக்குப் பிறகு அவசரப்படுகிறது. சியான்னாவைக் காப்பாற்ற, மாயக்கதை உலகில் ஒரு பெண்ணிடமிருந்து ஒரு ரிப்பனை வாங்கியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்டவருக்கு இது நியாயமாகப் படாது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. கெரால்ட் தோட்டத்துக்கு உரிமையாளன் ஆகிறான். கூலிக்கு உழைத்தவன் முதலாளியாவது திருப்பூர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள மிகவும் விரும்பும் கதை. இங்குள்ள கவுண்டர் முதலாளிகள் பலர் தொழிலாளியாகத் தொடங்கியதை ஷரத் சாரி 2004இல் வெளிவந்த 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்' நூலில் ஆராய்ந்திருக்கிறார். அந்தக் கதையை நம்பி ஊருக்கு வருகிற எல்லோரும் அதன் நாயகர் ஆவதில்லை. கோர்வோ பியான்கோவில் மேற்பார்வையாளருக்குப் பெயர் உண்டு, குரல் உண்டு. திராட்சைக் கொடிகளுக்கு நடுவே குனிந்து நிற்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கதை இல்லை. கூலிப் பேச்சை இவ்வளவு கவனமாக எழுதிய ஒரு விளையாட்டு, தன் நாயகன் கூலி கொடுக்கும் இடத்துக்கு வந்ததும் அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறது.

இருந்தாலும் விடைபெறும் காட்சியின் வலிமை குறையவில்லை. வீட்டுக்குத் திரும்பும் கெரால்ட்டைத் தேடி, நாம் முன்பு எடுத்த முடிவுகளைப் பொறுத்து, யெனஃபர், டிரிஸ், சிரி, டேண்டெலியன் ஆகியோரில் ஒருவர் வருகிறார். நண்பன் ரெஜிஸுடன் பேசும் கடைசி உரையாடலில் ஓய்வைப் பற்றிப் பேச்சு வருகிறது. பிறகு கெரால்ட் தலையைத் திருப்பி நேராகத் திரையைப் பார்த்துப் புன்னகைக்கிறான். 2024 டிசம்பரில் நான்காம் விளையாட்டின் முன்னோட்டம் வெளியானது. அதன் நாயகி சிரி.