அரிய நூலும் அதன் அருமைப்பாடும்

‘அருமை’ என்னும் தமிழ்ச்சொல் ஒரு பொருள் எளிதிற் கிட்டாமையையும், அப்பொருள் மிக்க மதிப்புடைத்தாதலையும் ஒருங்கே உணர்த்துவது. வழக்கில் இவ்விரு பொருளும் பிரிவறக் கலந்து நிற்றலின், ‘அரிய நூல்’ என்ற அளவிலேயே அது சிறந்த நூல் என்றும் கொள்ளப்படுகின்றது. பழம்பதிப்புகளைத் தொகுப்போர் தம் பேழையிற் போற்றிக் காக்கும் செல்வம் யாது, கனவிலும் தேடும் புதையல் யாது என வினவின், ‘உலகில் எஞ்சிய ஒரே படி’ என்றோ ‘முதற்பதிப்பு’ என்றோ விடை வரும். இவ்விடை ஆராய்ச்சிக்கு அமையுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. ஒரு நூல் அரிதாயிற்று என்பது முடிவன்று. அது ஏன் அரிதாயிற்று என்னும் வினாவின் தொடக்கமே என்பது இக்கட்டுரையின் கருத்து.

தமிழ் அச்சு நூல்களுள் அருமைக்கு எடுத்துக்காட்டாக முதற்கண் சுட்டப்படுவது ‘தம்பிரான் வணக்கம்’. 1554இல் லிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சிடப்பெற்ற தமிழ் நூல் இதற்கு முற்பட்டதேனும், இன்று கிடைப்பனவற்றுள் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் இதுவே. அண்டிரிக்கு அடிகளாரின் முயற்சியால் 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொல்லத்தில் வெளியான இது 16 பக்கங்களே உடையது. அறியப்பட்ட ஒரே படி ஆர்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. சூர்காமர், காட்ரெல் ஆகிய இருவரும் 1952இல் அந்நூலகத்தின் ஆய்விதழில் இதனைப் பற்றி விரிவாக எழுதினர்.

இந்நூல் ஏன் ஒரு படியளவில் எஞ்சியது? இது மன்னர் பேழைக்கென ஆக்கப்பட்டதன்று. முத்துக்குளித்துறை மக்கள் ஓதி மனனம் செய்தற்குரிய சிறு மறைக்கல்வி நூல். கைமாறிக் கைமாறி ஓதப்படும் சிறு சுவடி, உப்பங்காற்றும் செல்லும் தாக்க, சில தலைமுறைக்குள் தேய்ந்தழிதல் இயல்பு. ஆகவே, பயன் மிகுதியே இதன் அழிவுக்கு ஒரு காரணமாயிற்று எனக் கருத இடமுண்டு. அங்ஙனமாயின், எஞ்சிய படியைக் காட்டிலும் எஞ்சாத படிகளே இந்நூலின் வாழ்வை நமக்கு உணர்த்துவன எனலாம்.

ஆயினும், அரிதாகிய நூலெல்லாம் பயிற்சி மிகுதியால் அரிதாயின எனக் கொள்ளுதல் பொருந்தாது. அம்பலக்காட்டில் 1679இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி ஓதி மனனம் செய்யும் நூலன்று, அதுவும் கிடைத்தற்கரியதாயிற்று. சேவியர் தனிநாயக அடிகள் அதன் படியை 1954இல் வத்திக்கன் நூலகத்திற் கண்டார். 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வாயிலாக அதன் நிழற்படப் பதிப்பு வெளிவந்தது. 1679க்கும் 1966க்கும் இடைப்பட்ட 287 ஆண்டுகளில் அந்நூல் அழியவில்லை. ஆயின், தமிழ் ஆராய்ச்சியில் அது பெற்ற இடம் மிகச் சிறிது. கண்டெடுத்த நாளினும் பலர் கைக்கு எட்டிய நாளே அவ்வகராதியின் மறுபிறப்பு நாளாம். ஒரே படியை வைத்திருத்தல் பெருமை. அதனை ஒரே படியாக இராவண்ணம் செய்தலே தொண்டு.

இனி, முதற்பதிப்பின்பாற் கொள்ளும் வேட்கையை நோக்குவாம். 1812இல் சென்னையில் அச்சான திருக்குறள் மூலபாடம், சி. வை. தாமோதரம்பிள்ளையின் 1887ஆம் ஆண்டுக் கலித்தொகைப் பதிப்பு, உ. வே. சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பு ஆகியவற்றை வேண்டாத தொகுப்பாளர் இலர். இவ்வேட்கை தவறன்று. முதற்பதிப்பின் முகவுரையும், ஏடு தந்தோர் பெயரும், பொருளுதவி புரிந்தோர் பட்டியும் பிற்கால மறுபதிப்புகளில் நீக்கப்படுதல் உண்டு. அவை நீங்கின், நூல் எவர் ஏட்டினின்றும் எவர் பொருளானும் அச்சேறிற்று என்னும் வரலாறு நீங்கிவிடும்.

ஆயின், முதற்பதிப்பை மட்டும் போற்றிப் பின்னவற்றைப் புறக்கணித்தல் ஆராய்ச்சிக்கு ஊறு விளைப்பது. ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை 1887இல் முதற்கண் வெளியிட்டார். பின்னர் 1907இலும் 1922இலும் திருத்திய பதிப்புகளை வெளிப்படுத்தினார். இடையே பெற்ற ஏடுகளும் அறிவும் அத்திருத்தங்களுக்குத் துணையாயின. தொகுப்பாளர் 1887ஆம் ஆண்டுப் படிக்கே பெருவிலை தருவர். பாடவேறுபாட்டை ஆராயும் மாணவற்கோ மூன்றும் ஒருங்கே வேண்டும். ஒரு பதிப்பாசிரியரின் உள்ளம் முப்பத்தைந்து ஆண்டுகளில் எங்ஙனம் வளர்ந்தது என்பது மூன்றனையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவார்க்கே புலனாம். ஆகவே, ஈண்டுப் புதையலாவது தனிப்படியன்று, வரிசையே.

மூன்றாவது வகை, எவரும் அரியதெனக் கருதாமையாலேயே அரிதாகிய நூல்கள். சென்னைக் குசிலிக்கடைத் தெருவிலிருந்து காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்பனையான பாட்டுப்புத்தகங்கள் இவ்வகையின. கொலைச்சிந்து, புயற்சிந்து, நாடகப்பாட்டு, கள்ளுண்ணாமைக் கும்மி எனப் பலவாறாக அவை திருவிழாக் கூட்டங்களிற் பாடி விற்கப்பட்டன. தாள் மட்டம்; பிழைகள் மலிந்தன; புலவர் தம் நூலகத்துள் அவற்றை நுழையவிட்டிலர். இன்றோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்த எளிய மக்களின் மொழியையும் உணர்வையும் அறிய விழைவார் முதலில் தேடுவன அவையே. இவற்றுள் அரசியற் பாட்டுகள் சிலவற்றை ஆங்கில அரசு தடைசெய்து கைப்பற்றியது. கைப்பற்றிய படிகளிற் சில ஆவணக் காப்பகங்களிலும் இலண்டன் நூலகத்திலும் இன்றும் உள்ளன. விரும்பிப் பாடியோர் காவாததை வெறுத்துத் தடுத்தோர் காத்தனர் என்பது எண்ணி நாணத்தக்கது.

இக்குறையை ஒருவாறு நிறைத்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுந் தொழிலராகிய அவர், செவ்விய நூல்களோடு சிறுவெளியீடு, நாடக அறிவிப்பு, திருமண அழைப்பு முதலியவற்றையும் ஒதுக்காது சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகம் விலைக்குப் பெற்றது. எனினும் அது தமிழகம் விட்டு நீங்காது, 1994இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் இடம்பெற்றது. இஃது உயர்ந்தது, இது தாழ்ந்தது என முன்கூட்டியே தீர்ப்புக் கூறாமையே அவர்தம் தொகுப்பின் தனிச்சிறப்பு. பின்வருவார் வினவும் வினா யாதென முன்னோர் அறியார் ஆதலின், அத்தீர்ப்பை ஒத்திவைத்தலே அறிவுடைமை.

அங்ஙனமாயின் அச்சேறிய அனைத்தையும் காத்தல் வேண்டுமோ, அஃது இயலுவதோ எனின், ஒரு நூலகத்தால் இயலாது என்பது உண்மை. பலர் பகுத்துக்கொள்ளின் இயலும். காக்க இயலாதவற்றின் பட்டியையேனும் வகுத்து வைத்தல் வேண்டும். மர்டாக் 1865இல் தொகுத்த தமிழ் அச்சுநூற் பட்டி ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தேடுவார்க்கு வழிகாட்டுதல் காண்க. எண்ணிமப்படி எடுத்தபின் தாட்படி வேண்டா என்பாரும் உளர். எழுத்தை மட்டும் நாடுவார்க்கு அது போதும். நூலின் அளவு, தாளின் தன்மை, மேலட்டை விளம்பரம், விலை, படித்தோர் ஓரத்தில் எழுதிய குறிப்பு ஆகியவற்றை நாடுவார்க்கு அது போதாது. மறுகட்டடம் செய்யுங்கால் மேலட்டையைக் களைந்து ஓரத்தை வெட்டிவிடும் வழக்கம் நம் நூலகங்களில் ஒழிதல் வேண்டும். செல்லினும் கொடிது அவ்வழக்கம்.

மேற்கூறியவாற்றான், நூலின் அருமை ஒருதன்மைத்தன்று என்பது பெறப்படும். ஓதித் தேய்ந்ததும் அரிது; ஒதுங்கிக் கிடந்ததும் அரிது; இகழ்ந்து எறியப்பட்டதும் அரிது. இம்மூன்றற்கும் ஒரே விலையிட்டு மதிப்பது வாணிகர் முறை. காரணத்தை வினவி மதிப்பது ஆராய்ச்சி முறை. பழைய புத்தகக்கடையில் ‘தம்பிரான் வணக்க’த்தின் மற்றொரு படியைக் காணக் கனவு காணும் இளம் ஆராய்ச்சியாளர், அக்கடை வாயிலில் எடைக்குப் போடக் கட்டிவைத்திருக்கும் தாள்களையும் ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பாராக. நாளைய அரிய நூல் அங்கிருத்தலும் கூடும்.