தடித்த பிடி

தோல் சீவும் பீலர்களில் எனக்கு மிகப் பிடித்தது ஆக்ஸோ நிறுவனத்தின் கறுப்புப் பிடி பீலர். மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட மனைவி பெட்சியைப் பார்த்து அமெரிக்கர் சாம் ஃபார்பர் தொடங்கிய வேலை. 1990இல் கடைக்கு வந்தது. பிடி பருமனானது, மெத்தென்றது, ஈரக் கையிலும் வழுக்காதது. இருபுறமும் மெல்லிய வரிகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே அங்கே போய் அமர்கின்றன. இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம். என்ன அழகான யோசனை!

இதை நோயாளிகளுக்கான கருவி என்று விற்கவில்லை. அங்கேதான் இதன் பெருமை. ஊன்றுகோலும் காது கேட்கும் கருவியும் உதவிக் கருவிகள். கட்டி முடித்த படிக்கட்டுக்குப் பக்கத்தில் பிறகு சாய்தளம் சேர்ப்பது அணுகல் வசதி. இந்தப் பீலரைப் போல, முதல் வரைபடத்திலேயே எல்லாரையும் எண்ணிச் செய்வதுதான் அனைவருக்குமான வடிவமைப்பு. அந்தக் கருத்துக்குப் பெயர் தந்து வளர்த்தவர், சக்கர நாற்காலியில் இயங்கிய கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ். 1997இல் அவரும் சக வல்லுநர்களும் வகுத்த ஏழு நெறிகளில் ஒன்று, குறைந்த உடலுழைப்பு.

அடுத்த முறை பீலர் வாங்கப் போகும்போது வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போங்கள்; அவர் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்.