"புரிஞ்சுதா மாணவர்களே?"

கல்வித் தொலைக்காட்சி, க்யூஆர் கோடு, காணொளிப் பாடம் என்று பேச்சு வந்தாலே நம் விவாதம் சிக்னல் இல்லை, போன் இல்லை, டேட்டா தீர்ந்துபோச்சு என்ற இடத்தில் போய் நின்றுவிடுகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் போனும் டேட்டாவும் இருந்த வீட்டுப் பிள்ளைகளும் ஐந்து நிமிடத்தில் கேமுக்குத் தாவினார்கள். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டோம். இந்தப் பாடங்களையும் ஒரு கதையைப் படிக்கிற மாதிரி, இது யாரிடம் பேசுகிறது என்று கேட்டுப் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று, கொரோனாவுக்கு முன்பே, தொடங்கியது. அப்போது அது துணைக்கு வந்த ஆள். வகுப்பில் ஆசிரியர் நடத்துவார், விட்டுப்போனதை டிவியில் பார்த்துக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. அந்த இடைவெளியில் துணைக்கு வந்தவரே முழு வாத்தியார் ஆனார். வேலை மாறியும் குரல் மாறவில்லை. மிச்சத்தை நாளைக்கு உங்க டீச்சர்கிட்ட கேட்டுக்குவீங்க என்ற நம்பிக்கையிலேயே அது பேசிக்கொண்டிருந்தது. அந்த 'நாளை' பல மாதங்களுக்கு வரவேயில்லை.

நான் பார்த்த பாடங்களில் குறை சொல்ல முடியாதது உழைப்பு. கேமராவே பார்த்திராத ஆசிரியர்கள் நின்று, மாதிரி செய்து, படம் காட்டி நடத்துகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் ஓர் இடம் வரும். "புரிஞ்சுதா மாணவர்களே?" என்று கேட்பார்கள். ஒரு நொடி. "சரி, அடுத்து பார்ப்போம்." அந்த ஒரு நொடிதான் இந்தப் பாடங்களின் பலவீனமான இடம். அங்கே கேள்வி வெறும் மரியாதைக்குக் கேட்கப்படுகிறது.

பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்வோம். 1/2-உடன் 1/3-ஐக் கூட்டச் சொன்னால் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் நோட்டை எட்டிப் பார்ப்பார், அங்கேயே நிற்பார். காணொளி எட்டிப் பார்க்காது. அது 5/6 என்ற சரியான விடையைப் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடும். 2/5 எழுதிய பிள்ளைக்கு ஏன் தப்பு என்று தெரியாது, தான் தப்பு என்று மட்டும் தெரியும். எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு, எனக்குத்தான் மண்டையில ஏறல என்று அது முடிவுகட்டிக்கொள்ளும். இந்த விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அதுதான்.

காணொளியால் கேட்க முடியாது, அது அதன் இயல்பு என்று சொல்லலாம். புத்தகத்தாலும் கேட்க முடியாதே! நல்ல எழுத்து, எதிரில் இல்லாத வாசகரின் சந்தேகத்தை முன்கூட்டியே யோசித்து உள்ளே எழுதிவைக்கிறது. "சில பேர் 2/5னு போட்டிருப்பீங்க. அரை தோசையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அது அரையைவிடக் குறையுமா? 2/5 அரையைவிடச் சின்னது. யோசிங்க, நான் காத்திருக்கேன்." இதைச் சொல்லிவிட்டு இருபது விநாடி வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. பிள்ளை தப்பு செய்யும், அந்தத் தப்புக்கு ஒரு நியாயம் இருக்கும் என்று எழுதுகிறவர் நம்பினால் போதும்.

கேட்பவரை நினைத்துப் பேசிய ஒலிபரப்புகள் நமக்குப் புதிதில்லை. பூனா பக்கத்தில் 1956இல் நடந்த வானொலி உழவர் மன்றச் சோதனையில், நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள், விவாதித்தார்கள், சந்தேகங்களை நிலையத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் 1960களில் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்தது. எங்கோ இருந்து பேசிய குரல் வயலுக்குள் போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பேரே சாட்சி.

அரசும் இந்தக் குறையை உணர்ந்தது என்றே படுகிறது. 2021 அக்டோபரில் மரக்காணத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்தது ஆளை. மாலையில் திண்ணையிலோ மரத்தடியிலோ பிள்ளைகளோடு உட்காரும் தன்னார்வலர்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. நோட்டை எட்டிப் பார்க்கும் கண்ணுக்கு நாம் போட்ட விலை அவ்வளவுதான் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் காணொளிப் பாடத்தின் மீது வந்த நேர்மையான விமர்சனம் அந்தத் திட்டம்தான்.

2023இல் 'மணற்கேணி' என்ற செயலி வந்தது. பெயர் 396ஆம் குறளிலிருந்து எடுத்தது. அழகான பெயர், பொறுப்பான பெயரும்கூட. மணலில் கையால் தோண்டினால்தான் ஊற்று வரும், தோண்டுகிறவரின் கை நனைய வேண்டும். பாடம் எடுப்பவர் தோண்டிக் காட்ட, பிள்ளை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது கேணி இல்லை, குழாய். அடுத்து ஒரு பாடத்தைப் பதிவுசெய்யப் போகும் ஆசிரியரிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். "புரிஞ்சுதா?" என்று கேட்ட பிறகு கொஞ்சம் நில்லுங்க டீச்சர். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை 2/5 எழுதிக்கொண்டிருக்கிறது.