எழுத்தும் ஓவியமும்: பணிக்கரின் படவரிசை பற்றி ஓர் ஆய்வு

தமிழில் 'எழுதுதல்' என்னும் சொல் ஏட்டெழுத்திற்கே உரியதன்று. மகளிர் மேனியில் தொய்யில் எழுதினர். கண்ணில் மை எழுதினர். ஓவியர் சுவரில் உருவம் எழுதினர். யாப்பருங்கல விருத்தியுடையாரும் எழுத்தின் வகை கூறுமிடத்து உருவெழுத்து என ஒன்றை எண்ணுவர். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' என்னும் படவரிசையை இவ்வொருமை கொண்டே அணுகுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரிற் பிறந்தவர். தந்தித் துறையிற் பணியாற்றியபின், 1936-இல் சென்னைக் கலைப்பள்ளியிற் சேர்ந்து தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம் பயின்றார். 1957-இல் அப்பள்ளிக்கே முதல்வரானார். கேரளத்து நீர்நிலைகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர்பெற்ற அவர், 1963-இல் மாணவன் ஒருவனின் கணக்கேட்டுப் பக்கத்தைக் கண்டார். எண்ணும் எழுத்தும் கோடும் விரவிய அத்தோற்றம் அவரைப் புதுநெறியிற் செலுத்திற்று. சாதகக் கட்டங்களும் மலையாள எழுத்தை ஒத்த வரிகளும் அவர் படங்களில் நிறைந்தன.

அவ்வரிகளைப் படிக்க முயல்வார் ஏமாற்றமே அடைவர். (நூல் பயிலும் எமக்கும் முதலில் இதுவே நேர்ந்தது.) மலையாளம் அறிந்தாரும் படிக்கவியலா எழுத்தை எழுதுவானேன் எனச் சிலர் வினவுவர். பொருளை நீக்கினாலன்றி எழுத்தின் வடிவம் கண்ணிற்கு முன்வாராது. படித்த மாத்திரத்தே எழுத்து மறைந்து பொருளே எஞ்சும். பணிக்கர் அம்மறைவைத் தடுத்தார். ஆதலின் இவை பொருளற்ற எழுத்துக்கள் எனல் பொருந்தாது. ஓவியமாக மீண்ட எழுத்துக்கள் எனலே தகும். எனினும் எல்லாப் படங்களும் ஒரு நிகரன என யாம் கொள்ளோம். குறிகள் மிக்கு நெருங்கும் சிலவற்றில் வடிவத்தின் ஆற்றல் குன்றி அணியழகே எஞ்சுகின்றது.

ஆசிரியர் என்னும் நிலையில் அவரை மதிப்பிடுவார் பலரும் மாணவர் தொகையையே எண்ணுகின்றனர். ஆயின், ஓவியம் கற்றவன் எதனால் உயிர்வாழ்வான் என்னும் வினாவையும் அவர் தம் கடனாகக் கொண்டமையே எம்மைக் கவர்வது. மாணவரும் உடனுழைத்தாரும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றனர். அவ்வருவாய்கொண்டு நிலம் வாங்கி, 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். ஆசிரியரின் எழுத்துவரியை எல்லாரும் பின்பற்றினாரல்லர். ரெட்டப்ப நாயுடு தெய்வ உருவங்களை நாடினார்; வாசுதேவ் மரத்தை நாடினார். பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவ்வூரில் ஓவியர் குடியிருப்பு அதன்பின்னும் தொடர்ந்தது.