கோடு கிழித்த நாளுக்கு ஒரு காலப் பயணம்

தமிழ் அறிவியல் புனைவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுஜாதாவில் தொடங்கி சுஜாதாவிலேயே முடிக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடரானது. இயந்திர நாய் ஜீனோவை நாவலைப் படிக்காதவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பரம்பரைக்கு எப்போதும் வருங்காலத்தின் மேல்தான் கண். 'இன்று நேற்று நாளை' (2015) படம் காலத்தில் பின்னோக்கிப் போனாலும் அதன் கவலை தனிமனிதர்களின் பிழைப்பு. ஊர்ப்பொதுவான வரலாற்றுக்குள் ஆளை அனுப்பும் கதை நம்மிடம் அரிது.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் அதைச் செய்திருக்கிறது. 2018 நவம்பர் 11 அன்று ஒளிபரப்பான, வினய் பட்டேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' அத்தியாயத்தில் யாஸ் என்ற பெண் தன் பாட்டி உம்ப்ரீனின் இளமைக் காலத்தைப் பார்க்க 1947 ஆகஸ்டுக்குப் போகிறாள். இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்கிளிஃப் கோடு வெளியான நேரம் அது. முஸ்லிமான உம்ப்ரீனுக்கும் இந்துவான பிரேமுக்கும் கல்யாணம். அங்கே திரியும் வேற்றுலகவாசிகளைக் கொலைகாரர்கள் என்று நினைக்கிறோம். அவர்களோ கேட்பாரற்றுச் சாகிறவர்கள் பக்கத்தில் நிற்க வந்தவர்கள். பிரேமின் சாவுக்குக் காரணமாகிறவன் கூடப் பிறந்த தம்பி. தடுத்தால் யாஸ் பிறக்கவே மாட்டாள் என்பதால், தொடரின் காலப் பயணியான டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இதற்குமேல் வேற்றுக்கிரகம் எதற்கு என்றுகூடத் தோன்றியது.

நம் பக்கத்துக் கோடான தமிழக-கேரள எல்லை 1956 நவம்பர் 1 அன்று விழுந்தது. பஞ்சாபின் ரத்தத்தோடு இதை ஒப்பிடுவது அநியாயம். ஆனாலும் 1954 ஆகஸ்ட் 11 அன்று, திருவிதாங்கூர்-கொச்சி அரசின் போலீஸ் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டதில், தமிழகத்தோடு இணையக் கேட்டுப் போராடிய தமிழர்கள் செத்தார்கள். ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரின் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைத் தமிழகத்துக்குத் தரச் சொன்னது. தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அங்குள்ள தமிழர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்பது சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த சித்தூரும் அதே நாளில் கேரளமாயின.

கதையில் பீர்மேட்டை மட்டும் இந்தப் பக்கம் நகர்த்திப் பார்க்கும் எழுத்தாளருக்கு, அங்கே இருக்கும் முல்லைப் பெரியாறு அணை பற்றிய தமிழக-கேரள வழக்கின் முகமே மாறிவிடும். அந்த அணைக்கான 1886-ஆம் ஆண்டுக் குத்தகை 999 வருஷத்துக்கு. 'என் இனிய இயந்திரா'வின் கற்பனையே 2020-களில்தான் நின்றது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் 2885 வரை கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட கதைக்கு 1958 தேவிகுளம் இடைத்தேர்தலும் நல்ல களம். கோடு விழுந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தமிழில் பாடி ஓட்டுக் கேட்டார். ரோசம்மா ஜெயித்துக் கேரளச் சட்டசபைக்குப் போனார்.