இன்னொரு குழாய் எங்கே?

"மாதிரி பொய் சொல்லும், கட்டடம் சொல்லாது." அண்மையில் ஒரு கருத்தரங்கில் கைதட்டல் வாங்கிய வாக்கியம் இது. காற்றுச் சுரங்கத்தில் வைக்கும் சிறு மாதிரியை நம்பாமல், உயரக் கட்டடங்களின் சுவரில் துளையிட்டு, காற்றழுத்தத்தை அசலிலேயே அளப்பதற்காக வாதாடியவர் சொன்னது. எனக்குக் கை எழவில்லை.

அசல் அளவீட்டால் பயனே இல்லை என்பதல்ல. டென்மார்க்கின் மார்ட்டின் ஜென்சன் அசல் வீட்டையும் மாதிரியையும் ஒப்பிட்டுத்தான், தரையின் சொரசொரப்பையும் அளவுக்கேற்பக் குறைக்க வேண்டும் என்று 1958-இல் நிறுவினார். இல்லையென்றால் காற்றுச் சுரங்கக்காரர்கள் இன்னும் வழவழப்பான தரைமேல் ஊதிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அது சின்ன வீடு.

அழுத்தமானி காட்டுவது இரண்டு அழுத்தங்களின் வித்தியாசத்தை. ஒரு குழாய் வெளிச்சுவர்த் துளைக்குப் போகிறது. இன்னொன்று? உயரக் கட்டடத்தில் பெரும்பாலும் அந்த மாடியின் அறைக்குள்ளேயே. அந்த அறையின் அழுத்தம் ஏசி விசிறி ஓடினால் மாறும், லிப்ட் கடந்தால் மாறும், யாரோ கதவைத் திறந்தாலும் மாறும்.

டொராண்டோவின் காமர்ஸ் கோர்ட் வெஸ்டை எடுத்துக்கொள்வோம். 57 மாடி, 239 மீட்டர். 1970-களில் அங்கே நடந்த அளவீடு இத்துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம். குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 21 என்று வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று லேசு. கட்டடம் முழுக்க ஒரு புகைபோக்கி. மீட்டருக்கு 1.4 பாஸ்கல் வீதம் முழு உயரத்துக்கு 330 வருகிறது. அடிக்கும் உச்சிக்கும் பாதிப்பாதி பிரித்தாலும் 165. நொடிக்கு 15 மீட்டர் வேகக் காற்றின் இயக்க அழுத்தமோ சுமார் 150தான். மாடித் தளங்களும் கதவுகளும் இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், சரி. ஆனாலும் இலை அசையாத நாளில்கூட மானி ஏதோ காட்டிக்கொண்டிருக்கும்.

"சராசரியை விடுங்கள், ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள்" என்பார்கள். சராசரி தெரியாமல் சன்னல் கண்ணாடியின் தடிமனை எப்படி முடிவு செய்வது? அசல் கோடு மாதிரியின் கோட்டோடு ஒட்டாதபோது ஒரு மாறிலியைக் கூட்டி, ஒட்டும்வரை நகர்த்தி வைத்த வரைபடங்களையும் பார்த்திருக்கிறேன். பிறகு, கட்டடமே மாதிரியை உறுதிசெய்துவிட்டது என்று முடிவுரை! சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவன் வாக்குமூலத்தை மெச்சுகிறோம்.

டெக்சாஸின் லபக்கில் 4 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றைக் கட்டி அளந்தவர்கள், இன்னொரு குழாய்க்கு வேண்டிய ஒப்பீட்டு அழுத்தத்துக்காகச் சற்றுத் தள்ளி நிலத்தில் ஒரு பெட்டியைப் புதைத்தார்கள். 50-ஆம் மாடியில் எங்கே தோண்டுவது?